கேட்கும் கடமை: நிகழ்நிலை விளையாட்டுகளில் உருவாக்குநரும் ஆட்டக்காரரும்

இணைய இணைப்பின் வழியே பலர் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டவெளிக்குள் கூடி ஆடும் விளையாட்டை நிகழ்நிலை விளையாட்டு என்பர். அச்சேறிய நூலும் திரைக்கு வந்த படமும் ஆக்கியவரின் கையை விட்டு நீங்கிவிடுகின்றன. நிகழ்நிலை விளையாட்டோ, விற்கப்பட்ட பின்னரும் அதை இயக்கும் நிறுவனத்தின் கணினியில், அதாவது சேர்வரில், தங்கியிருக்கிறது. அதன் விதிகளையும் விலைகளையும் ஆயுதங்களின் வலிமையையும் பரிசுகளின் அளவையும் அந்நிறுவனம் எந்நாளிலும் மாற்றலாம். சேர்வரை நிறுத்தி ஆட்டத்தையே இல்லாமலாக்கவும் செய்யலாம். ஆட்டக்காரர் தரப்பிலோ ஆண்டுக்கணக்கான உழைப்பும் நட்பும் பணமும் அந்த ஆட்டவெளிக்குள் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு நிறுவனத்தின் உடைமையும் பல்லாயிரம் பேரின் உழைப்பும் ஓரிடத்தில் கலந்திருப்பதால், இரு தரப்பும் எவ்வாறு பேசிக்கொள்கின்றன என்பதை விளம்பரத் துறையின் வேலையாக மட்டும் கருதிவிட முடியாது. அது அந்த ஆட்டவெளியின் ஆட்சிமுறையைப் பற்றிய கேள்வியாகும்.

கண்டிக்குத் தென்கிழக்கே தேயிலை மலைகளுக்கிடையே அமைந்த ஹேவாஹெட்ட போன்ற ஓர் ஊரின் நிலையில் நின்று இக்கேள்வியை இக்கட்டுரை அணுகுகிறது. ஏனெனில், பெரிய சந்தைகளில் வாழும், ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ கொரிய மொழியோ பேசும் ஆட்டக்காரரை வைத்தே இத்துறையின் வரலாறு பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. சிறிய சந்தையில், நிறுவனம் பேசாத மொழியில் வாழும் ஆட்டக்காரரை அந்த வரலாற்றுக்குள் கொண்டுவந்து நிறுத்தினால், வெற்றி என்று கொண்டாடப்பட்ட சில நிகழ்வுகளின் மறுபக்கம் தெரியவருகிறது. ஆட்டக்காரரின் சினம் ஒரு முடிவை மாற்றக்கூடும். ஆனால் கேட்பதையும் காரணம் சொல்வதையும் நிறுவனத்தின் கடமையாக்கும் நிலையான அமைப்பு இல்லாதவிடத்து, எண்ணிக்கையில் குறைந்தோரின் குரல் கணக்கில் வருவதில்லை என்பதே இங்கு நிறுவப்படும் கருத்து.

ஒதுங்கி நிற்க முயன்ற உருவாக்குநர்

1978ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ரோய் ட்ரப்ஷோவும் ரிச்சர்ட் பார்ட்டிலும் எழுத்தாலேயே அமைந்த பல்லாள் ஆட்டமொன்றை உருவாக்கினர். படமோ ஒலியோ இல்லாத அவ்வாட்டத்தில் ஆட்டக்காரர் கட்டளைகளைத் தட்டச்சுச் செய்து நடமாடினர். உருவாக்கியவர்களும் அதே ஆட்டவெளிக்குள் நடமாடியதால், குறை சொல்வதும் குறை கேட்பதும் அங்கேயே நடந்தன. ஆட்டக்காரர் தொகை பெருகியதும் அந்த நெருக்கம் தாங்கவில்லை.

அதன் விளைவை, ஸெரொக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுக்கூடத்தில் பாவெல் கேர்ட்டிஸ் 1990இல் தொடங்கிய லாம்டாமூ என்ற எழுத்துவழி உலகம் தெளிவாகக் காட்டியது. அங்கே முழு அதிகாரம் பெற்ற நிர்வாகிகள் 'மந்திரவாதிகள்' எனப்பட்டனர். சச்சரவுகளைத் தீர்த்துத் தீர்த்துச் சலித்த அவர்கள், இனித் தொழில்நுட்பப் பணிகளை மட்டுமே கவனிப்பதாகவும் சமூகப் பிணக்குகளில் தலையிடுவதில்லை என்றும் 1992 டிசம்பரில் அறிவித்தனர். சில மாதங்களுக்குள், 1993இல், ஓர் ஆட்டக்காரர் பிறருடைய பாத்திரங்கள்மீது எழுத்தின் வழியே பாலியல் வன்முறையை நிகழ்த்தினார். என்ன செய்வது என்று சமூகம் விவாதித்தும் முடிவுக்கு வராத நிலையில், மந்திரவாதி ஒருவர் தாமாகவே அந்த ஆட்டக்காரரின் கணக்கை நீக்கினார். இதன்பின் எவரும் மனுவொன்றை முன்வைக்கலாம், போதிய ஒப்பங்கள் சேர்ந்தால் அது வாக்கெடுப்புக்கு விடப்படும் என்ற முறை அங்கு கொண்டுவரப்பட்டது. ஆயினும், தொழில்நுட்பத்தையும் சமூகத்தையும் பிரிக்க இயலவில்லை என்று 1996இல் நிர்வாகிகளே ஒப்புக்கொண்டு மீண்டும் தலையிடத் தொடங்கினர். சேர்வரின் சாவியை வைத்திருப்பவர் எடுக்கும் ஒவ்வொரு தொழில்நுட்ப முடிவும் ஆடுபவருக்கு ஆட்சி முடிவாகவே வந்து சேர்கிறது என்பது அந்த ஆறேழு ஆண்டு அனுபவத்தின் பாடம்.

கூச்சலிலிருந்து அமைப்புக்கு

இன்றைய நிறுவனங்கள் ஆட்டக்காரரோடு பேசும் முறைகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது அறிவிப்பு: ஆட்டத்தில் என்னென்ன மாற்றப்பட்டன என்று ஒவ்வொரு அப்டேட்டுடனும் வெளியிடப்படும் திருத்தக் குறிப்புகள், பழுதுபார்ப்பு நேர அறிவித்தல்கள் ஆகியன இதில் அடங்கும். இரண்டாவது இடைத்தரகு: சமூக மேலாளர் என்ற பதவியில் உள்ளவர் ஆட்டக்காரர் சொல்வதைத் திரட்டி உள்ளே கொண்டு செல்வார்; நிறுவனம் சொல்வதைப் பதப்படுத்தி வெளியே கொண்டு வருவார். முடிவெடுக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதில்லை. எனினும் வசவு முழுவதும் அவரையே வந்து சேர்கிறது. மூன்றாவது, இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் அமைப்பு: வாக்கெடுப்பு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முதலியன. முதல் இரண்டும் எங்கும் காணக்கூடியவை, மூன்றாவது அரிது. அந்த அரிய வகையில் இரண்டு எடுத்துக்காட்டுகள் விரிவாக நோக்கத்தக்கவை.

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதத்தில் வெளியிட்ட ஈவ் ஒன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், ஆட்டக்காரரே கூட்டணிகள் அமைத்துப் போரும் வணிகமும் நடத்துகின்றனர். நிறுவன ஊழியர் ஒருவர் தாம் சேர்ந்திருந்த கூட்டணிக்கு அரிய கப்பல் வரைபடங்களை முறைகேடாகப் பெற்றுக்கொடுத்தது 2007இல் வெளியானபோது, ஆட்டத்தின் நேர்மைமீதே ஐயம் விழுந்தது. அதன் விளைவாக ஊழியரைக் கண்காணிக்கும் உட்பிரிவு வலுப்படுத்தப்பட்டதோடு, ஆட்டக்காரர் வாக்களித்துத் தெரிவு செய்யும் மன்றமொன்று 2008இல் ஏற்படுத்தப்பட்டது. 'விண்மீன் மேலாண்மை மன்றம்' என்று தமிழில் சொல்லத்தக்க அதன் உறுப்பினர்கள், இரகசியம் காப்பதாக ஒப்பமிட்டு, வெளிவராத திட்டங்களை முன்கூட்டியே பார்த்துக் கருத்துரைக்கின்றனர். ரெய்க்யாவிக் நகரில் உருவாக்குநரை நேரில் சந்திக்கின்றனர். மன்றத்துக்குத் தடுப்பதிகாரம் கிடையாது. அதன் வலிமை, சந்திப்புக் குறிப்புகள் வெளியிடப்படும் என்பதிலும் அவற்றைப் பார்த்து வாக்காளர் கேள்வி கேட்பர் என்பதிலும் தங்கியிருந்தது.

அந்த வலிமை 2011 கோடையில் சோதிக்கப்பட்டது. ஆட்டத்துக்குள் பாத்திரம் அணியும் ஒற்றைக்கண் கண்ணாடி ஒன்று அறுபது டொலருக்கும் மேலான விலையில் விற்பனைக்கு வந்தது. ஆட்டத்தின் போக்கையே மாற்றும் பொருட்களும் பணத்துக்கு விற்கப்படலாம் என்ற எண்ணத்தைத் தந்த உள்மடல் ஒன்றும் அதே வேளையில் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் ஆட்டவெளியின் முக்கிய வணிக நிலையமான ஜீட்டாவில் திரண்டு அங்கிருந்த நினைவுச் சின்னத்தைச் சுட்டுக்கொண்டே இருந்தனர். பலர் சந்தாவைக் கைவிட்டனர். நிறுவனம் மன்றத்தை அவசரமாக ஐஸ்லாந்துக்கு அழைத்துப் பேசியதும், வெற்றியை விலைக்கு விற்கும் திட்டம் இல்லை என்று இரு தரப்பும் கூறியதும், அதே ஆண்டு ஒக்டோபரில் தலைமை நிர்வாகி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டதும் அடுத்தடுத்து நடந்தன. கலகம் கதவைத் தட்டியது. ஆனால் உள்ளே அமர்ந்து பேச ஆட்களும் அவர்கள் பேசுவதற்கான முறையும் முன்னரே இருந்ததால்தான் அந்தத் தட்டல் உடன்பாடாக முடிந்தது.

பிரித்தானியாவின் ஜாகெக்ஸ் நிறுவனம் நடத்தும் ரூன்ஸ்கேப் என்ற விளையாட்டு, நேரடி வாக்கெடுப்பின் வழியில் சென்றது. ஆட்டப் பொருட்களை உண்மைப் பணத்துக்கு விற்போரை ஒடுக்குவதற்காக 2007 டிசம்பரிலும் 2008 ஜனவரியிலுமாகக் கட்டற்ற பண்டமாற்றையும் ஆட்டக்காரர் தமக்குள் தடையின்றிப் போரிடும் வசதியையும் அந்நிறுவனம் நீக்கியது. அவற்றை மீட்பதா என்று 2011 ஜனவரியில் முடிந்த வாக்கெடுப்பில் கேட்டபோது பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் விழுந்தன, அவற்றில் ஏறத்தாழ 91 விழுக்காடு மீட்கச் சொன்னது. 2013 பெப்ரவரியில், இன்னொரு வாக்கெடுப்பின் பயனாக, 2007ஆம் ஆண்டு நிலையிலிருந்த பழைய ஆட்டம் தனியாகத் திறக்கப்பட்டது. அதில் புதிதாக எதைச் சேர்ப்பதாயினும் வாக்களித்தோரில் 75 விழுக்காட்டினர் இணங்க வேண்டும் என்பது விதியாயிற்று. 2022இல் அந்த வரம்பு 70 ஆகக் குறைக்கப்பட்டது. விதியை முன்னரே வகுத்து, அதற்குத் தானும் கட்டுப்பட்டதாலேயே இந்நிறுவனத்தின் வாக்கெடுப்பு வெறும் கருத்துக் கணிப்பாகத் தேயாமல் நிலைத்தது.

இவ்விரு அமைப்புகளுக்கும் குறைகள் உண்டு. ஈவ் மன்றத்தின் தொடக்கத் தேர்தல்களில் பெருங்கூட்டணிகள் தம் வாக்குகளைத் திரட்டி இடங்களைப் பிடித்ததால், சிறு குழுக்களுக்கும் இடம் கிடைக்கும் நோக்கில், வாக்காளர் வேட்பாளரை விருப்ப வரிசைப்படுத்தும் முறை 2013இல் புகுத்தப்பட்டது. அப்படியும், ஆங்கிலத்தில் வாதிடவும் ஐஸ்லாந்துக்குப் பயணிக்கவும் இயன்றவரே அங்கு எளிதில் பணியாற்ற முடியும். வாக்கெடுப்போ பெரும்பான்மையின் விருப்பத்தை அளக்கிறதேயன்றிச் சிலருக்கு மட்டும் நேரும் கேட்டை அளப்பதில்லை. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பதை 2024இல் இலங்கையரையும் தொட்ட ஒரு நிகழ்வு காட்டியது.

வென்ற கிளர்ச்சியும் வெளியே நின்ற 177 நாடுகளும்

சுவீடனின் ஏரோஹெட் நிறுவனம் உருவாக்கி, சோனி வெளியிட்ட ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டு 2024 பெப்ரவரியில் பிளேஸ்டேஷன் 5 கருவிக்கும் கணினிக்கும் வந்தது. கணினி ஆட்டக்காரர் அதை ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினர். பிளேஸ்டேஷன் நெட்வேர்க் என்ற சோனியின் சேவையில் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை தொடக்கத்திலேயே இருந்தபோதும், வெளியீட்டுக் காலத் தொழில்நுட்பச் சிக்கல்களால் அதைத் தாண்டிச் செல்ல அனுமதிக்கப்பட்டது. இலட்சக்கணக்கானோர் வாங்கி ஆடிக்கொண்டிருந்த நிலையில், மே 3ஆம் திகதி, அந்தக் கணக்கு இனிக் கட்டாயம் என்று சோனி அறிவித்தது.

அச்சேவை உலகின் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட நாடுகளில் மட்டுமே முறைப்படி இயங்கிவந்தது. இந்தியா அப்பட்டியலில் இருந்தது, இலங்கை இல்லை. ஆகவே இலங்கையிலிருந்து பணம் கொடுத்து ஆட்டத்தை வாங்கியவர், வேறொரு நாட்டில் வசிப்பதாகப் பொய்யான முகவரி கொடுத்துச் சோனியின் விதியை மீறுவதா, வாங்கிய ஆட்டத்தை இழப்பதா என்ற நிலைக்குத் தள்ளப்பட்டார். எங்கும் எதிர்ப்பு மூண்டது. ஸ்டீம் கடையில் சில நாட்களுக்குள் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட எதிர்மறை மதிப்புரைகள் குவிந்தன. அதே நாட்களில், சேவை இயங்காத 177 நாடுகளிலும் ஆட்சிப்புலங்களிலும் ஆட்டத்தின் விற்பனை நிறுத்தப்பட்டது. மூன்று நாட்களுக்குள் சோனி பின்வாங்கி, கட்டாயத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. ஆட்டக்காரரின் ஒற்றுமைக்குக் கிடைத்த பெருவெற்றியாக இது உலகெங்கும் பேசப்பட்டது. எதிர்மறை மதிப்புரைகளின் வரைபடத்தை நினைவூட்டும் தோளாடை ஒன்றை உருவாக்குநர் பின்னர் ஆட்டத்துக்குள்ளேயே வடிவமைத்தனர்.

ஆனால் விற்பனைத் தடை கட்டாயத்தோடு சேர்ந்து நீங்கவில்லை. அறிவிப்பு திரும்பப் பெறப்பட்ட பின்னரும் அந்த 177 இடங்களில் ஆட்டத்தைப் புதிதாக வாங்க முடியாத நிலை பல மாதங்கள் நீடித்தது. இலங்கையும் அவற்றுள் ஒன்று. அதே மாதத்தில் கணினிக்கு வந்த சோனியின் இன்னொரு வெளியீடான கோஸ்ட் ஒஃப் ஸுஷிமாவும் இந்நாடுகளில் விற்கப்படவில்லை. கிளர்ச்சியின் அறவலிமை, கணக்குத் திறக்கவே வழியில்லாத நாட்டவரின் நிலையைச் சுட்டிக்காட்டியதிலிருந்து பெருமளவு வந்தது. கிளர்ச்சியின் பயனோ, எளிதாகக் கணக்குத் திறந்திருக்கக்கூடிய நாட்டவருக்கே முழுமையாகக் கிடைத்தது. இதில் ஆட்டக்காரரின் கூட்டுணர்வைக் குறை சொல்வதற்கில்லை. பிறருக்காகக் குரல் கொடுத்தோர் பலர். குறை வேறிடத்தில் இருக்கிறது. மதிப்புரை வெள்ளம் ஒரு நிறுவனத்திடம் 'இதைச் செய்யாதே' என்று மட்டுமே சொல்ல வல்லது. 'எங்கள் நாட்டை ஏன் விலக்கினீர்கள், எப்போது சேர்ப்பீர்கள்' என்று கேட்டு, பதில் வரும்வரை விடாமல் நிற்பதற்கு ஆளும் முறையும் வேண்டும். அவை அங்கு இல்லை.

சந்தையின் அளவு எவ்வளவு தூரம் செவிசாய்க்க வைக்கும் என்பதற்கு அண்டை நாடே சான்று. இந்திய அரசு 2020 செப்டெம்பர் 2ஆம் திகதி பப்ஜி மொபைல் என்ற விளையாட்டைத் தடைசெய்தபோது, தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அந்நாட்டில் வெளியீட்டு உரிமையைத் தானே எடுத்துக்கொண்டு, 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்றே தனிப் பதிப்பை வெளியிட்டு, பழைய கணக்கில் சேர்த்திருந்தவற்றை மாற்றிக்கொள்ள வழியும் செய்தது. அப்பதிப்பு 2022 ஜூலையில் மீண்டும் நீக்கப்பட்டபோதும் அரசுடன் பேசி 2023 மே மாதத்தில், நாளொன்றுக்கு ஆடும் நேரத்துக்கு வரம்பு விதித்து, திரும்பக் கொண்டுவந்தது. கோடிக்கணக்கான ஆட்டக்காரரைக் கொண்ட சந்தைக்காக ஒரு நிறுவனம் இவ்வளவு வளைந்து கொடுக்கும். இரண்டு கோடிக்குச் சற்றே மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட இலங்கைக்காக வளைவதற்கு வணிகக் காரணம் மட்டும் போதாது.

மலையிலிருந்து பார்க்கும்போது

ஹேவாஹெட்டவிலிருந்து ஆடும் ஒருவருக்கு இந்த இடைவெளி அன்றாட அனுபவமாகிறது. ஈவ் ஒன்லைனின் நாளாந்தப் பழுதுபார்ப்பு உலகப் பொது நேரம் முற்பகல் 11 மணிக்குத் தொடங்குகிறது. ஐஸ்லாந்தில் அது வேலை நேரம், இலங்கையிலோ வேலை விட்டு வரும் மாலை நாலரை மணி. ஸ்டீம் கடை இலங்கையருக்கு விலையை டொலரில் காட்டுகிறது. 2022இல் ரூபாயின் மதிப்பு சில மாதங்களில் சரிந்தபோது, விலைப்பட்டியலில் ஓர் எண்ணும் மாறாமலே ஒவ்வோர் ஆட்டமும் வாங்க எட்டாததாயிற்று. அவ்வாண்டு நாளில் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது, குறித்த நாட்களுக்குள் ஆடி முடித்தால் மட்டுமே பரிசு என்ற பருவகாலப் போட்டிகளின் கடிகாரம் நிற்கவில்லை. இவற்றுள் எதுவும் தீய எண்ணத்தால் நேர்ந்ததல்ல. முடிவெடுக்கும் மேசையில் இவற்றைச் சொல்ல எவரும் இல்லாததால் நேர்ந்தவை.

மொழி இதைவிட ஆழமான தடை. திருத்தக் குறிப்பும் விதிமுறையும் கணக்கு முடக்கத்துக்கு எதிரான முறையீடும் ஆங்கிலத்தில் இருக்கையில், தமிழில் கல்வி கற்கும் மலையக மாணவர் ஆட்டத்தில் எவ்வளவு தேர்ந்தவராயினும், தம் குறையை எடுத்துரைக்கும் இடத்தில் ஊமையாக்கப்படுகிறார். மைன்கிராஃப்ட் ஆட்டத்தின் ஜாவா பதிப்புக்குத் தன்னார்வலர் முயற்சியால் தமிழ் இடைமுகம் கிடைத்திருப்பது, ஆட்டக்காரர் சமூகம் எவ்வளவு செய்ய வல்லது என்பதைக் காட்டுகிறது. எனினும் ஆட்டத்தின் பொத்தான்களைத் தமிழாக்குவது ஒரு பாதி வேலை. தமிழில் கேட்கப்படும் கேள்விக்குத் தமிழில் பதில் வருவது மற்றப் பாதி. முதல் பாதியைத் தன்னார்வலர் செய்யலாம். இரண்டாவதை நிறுவனமே செய்ய வேண்டும்.

அமைப்பாகத் திரண்டால் மட்டுமே குரல் நிலைக்கும் என்பதை ஹேவாஹெட்ட மண் வேறொரு களத்தில், மிகப் பெரிய விலை கொடுத்து அறிந்திருக்கிறது. 1940 ஜனவரியில் இப்பகுதியின் முல்லோயா தோட்டத்தில் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது, பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். அந்தக் கொந்தளிப்பான காலத்தில்தான் தோட்ட முதலாளிமாரும் தொழிற்சங்கங்களும் செய்துகொண்ட ஏழு அம்ச உடன்பாடு, சங்கங்களை அங்கீகரித்துப் பிணக்குகளைப் பேசித் தீர்க்கும் வழிமுறையை வகுத்தது. கூலிக்காக உயிர் கொடுத்த போராட்டத்தை விளையாட்டுச் சந்தையின் மனக்குறையோடு சமப்படுத்துவது பெருந்தவறு; அத்தகைய ஒப்பீடு இங்கு நோக்கமல்ல. உடைமை ஒருவரிடமும் உழைப்பு பலரிடமும் இருக்கும் எந்த இடத்திலும், முறையீட்டைக் கேட்டே தீரவேண்டிய கடமையை உடைமையாளர்மீது சுமத்தும் எழுத்துமூல ஏற்பாடே பலவீனருக்குப் பாதுகாப்பு என்ற பொதுவிதி மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

செய்யத்தக்கன

இந்த விதியை நிகழ்நிலை விளையாட்டுக்குப் பொருத்தினால் சில கடமைகள் தெளிவாகின்றன. ஆட்டத்தை ஒரு நாட்டில் விற்க முன்வரும் நிறுவனம், அந்நாட்டவர் நிறைவேற்ற முடியாத நிபந்தனையைப் பின்னர் விதிக்கக்கூடாது. விதிக்க நேர்ந்தால் பணத்தைத் திருப்பித் தரும் ஏற்பாட்டை அறிவிப்போடு சேர்த்தே வெளியிட வேண்டும். பெரிய மாற்றங்களுக்கு முன் போதிய கால அவகாசமும், முடிவுக்குப் பின் காரணமும் தரப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்படும் மன்றங்களில், ஆட்டக்காரர் தொகையை மட்டும் கருதாமல், சிறிய சந்தைகளின் வட்டாரங்களுக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும். கணக்கு முடக்கம், பண இழப்பு ஆகிய முறையீடுகளையேனும் ஆட்டக்காரரின் தாய்மொழியில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் தாமாக இவற்றைச் செய்யும் என்று காத்திருப்பதும் போதாது. இலங்கையில் போட்டிமுறை மின்விளையாட்டு 2019இல் விளையாட்டுத்துறை அமைச்சின் அங்கீகாரத்தைப் பெற்றது; இலங்கை இ-ஸ்போர்ட்ஸ் சங்கமும், பாடசாலைகளுக்கிடையிலான போட்டிகளை நடத்திவரும் கேமர்.எல்கே அமைப்பும் செயற்பட்டு வருகின்றன. இதுவரை போட்டிகளை நடத்துவதில் செலவான அந்த உழைப்பில் ஒரு பங்கு, ஆட்டக்காரரின் குறைகளைச் சிங்களத்திலும் தமிழிலும் திரட்டி, பெயரும் ஆதாரமும் தெளிவாக எழுதி, வெளியீட்டு நிறுவனங்களிடம் முறைப்படி கையளிப்பதற்குச் செலவாகலாம். தனி ஆளின் ஆயிரம் மதிப்புரைகளைவிட, ஒரு நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட சங்கம் திகதியிட்டு அனுப்பும் ஒரு மடலைப் புறக்கணிப்பது நிறுவனத்துக்குக் கடினம். ஏனெனில் பதில் வந்ததா என்று அடுத்த மாதமும் கேட்க அங்கே ஆள் இருக்கும்.

உருவாக்குநரும் ஆட்டக்காரரும் பேசிக்கொள்வதன் தரத்தை, மிக உரத்துப் பேசியவருக்கு எவ்வளவு விரைவில் பதில் கிடைத்தது என்பதைக் கொண்டே இதுவரை அளந்து வந்திருக்கிறார்கள். 2024இன் அனுபவம் அந்த அளவுகோல் தவறானது என்பதைக் காட்டுகிறது. எண்ணிக்கையில் சிறிய, தொலைவிலுள்ள, வேறு மொழி பேசும் ஆட்டக்காரர் கேட்ட கேள்விக்கு உரிய காலத்தில், காரணத்தோடு, அவருக்குப் புரியும் சொற்களில் பதில் கிடைத்ததா என்பதைக் கொண்டு அளப்பதே நேர்மையான முறை. அவ்வாறு அளந்தால் இன்று தேறக்கூடிய நிறுவனங்கள் மிகச் சில. தேறவைக்கும் பொறுப்பு ஆட்டக்காரர் சங்கங்களுக்கும் அவற்றை அங்கீகரித்த அரசுக்கும் இருக்கிறது.